மேலே போகும் வழி: கடற்கரைச் செங்குத்து ரயில்களும் நம் விஞ்சுகளும்

(மார்த்தாண்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு வண்டியைப் பற்றி. தண்டவாளத்தில் ஓடும், ஆனால் அதில் எஞ்சின் இருக்காது. செங்குத்துச் சரிவில் ஏறும்; ஆனால் தன் பலத்தால் ஏறாது. ஒரு கம்பிவடத்தில் கட்டுண்டு மேலும் கீழும் போய்வரும். பழனிக்குப் போய் வந்த நீங்கள் அதை விஞ்ச் என்பீர்கள். நாளிதழ்கள் மின் இழுவை ரயில் என்று எழுதும். இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் அதே குடும்பத்து வண்டிகள் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாகப் பாறை விளிம்புகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். கூட்டமாக வரும் மக்களை, முதியவரும் நோயாளியும் கைக்குழந்தைக்காரியும் கலந்த கூட்டத்தை, காற்றடித்தாலும் மழை பெய்தாலும் ஒரு சரிவின் உச்சியில் சேர்க்க வேண்டுமென்றால், இந்தப் பழைய, மெதுவான வண்டிக்கு நிகராக இன்னொன்றைச் சொல்வது கடினம். ரோப்கார் என்றால் வாய் பிளக்கிற நாம், கையில் இருக்கும் விஞ்சை ஏதோ கிழட்டுச் சாமான் என்று நினைத்துவிட்டோம். அந்த நினைப்பு சரிதானா என்றுதான் இன்று பார்க்கப் போகிறோம்.

கடற்கரையில் இருந்தே தொடங்குவோம். இங்கிலாந்தில் ரயில் பாதைகள் கடலைத் தொட்டபோது, ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் விடுமுறை நாளில் குடும்பத்தோடு கடல் பார்க்கக் கிளம்பினார்கள். கிளம்பினார்கள் சரி, கடல் எங்கே இருந்தது? பல ஊர்களில் ஊர் மேலே பாறை முகட்டில், கடல் கீழே பள்ளத்தில். இறங்குவது எளிது, திரும்ப ஏறுவது யார்? 1875-இல் ஸ்கார்பரோ என்ற ஊரில் அந்நாட்டின் முதல் கடற்பாறை ரயில் ஓடத் தொடங்கியது. கடல்நீரையே மேலே ஏற்றி, அந்த நீரின் கனத்தால் பெட்டியை இறக்கினார்கள். சால்ட்பர்ன் ஊர்க்காரர்கள் வேறு வழியை முயன்று பார்த்தார்கள். 1870-இல் பாறையோரமாக மரக்கோபுரம் ஒன்றை நிறுத்தி, அதற்குள் ஒரு கூண்டை நேர்குத்தாக ஏற்றி இறக்கினார்கள். 120 அடி உயரம். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. பத்துப் பதின்மூன்று ஆண்டுகளில் அதன் மரத்தூண்கள் உளுத்துப்போனது தெரிந்து பிரித்துப் போட்டார்கள். அதே இடத்தில் 1884-இல் சரிவோடு சரிவாகத் தண்டவாளம் போட்டு இரண்டு பெட்டிகளை ஓடவிட்டார்கள். அந்த ரயில் இன்றைக்கும் ஓடுகிறது. பாறையை எதிர்த்து நின்ற கோபுரம் போய்விட்டது. பாறையின் மேல் சாய்ந்து படுத்த ரயில் நிலைத்துவிட்டது. பாரத்தை நிலத்தின் மேல் சாய்த்துவிட்டால், தாங்குகிற வேலையின் பெரும்பகுதியை நிலமே எடுத்துக்கொள்ளும். இந்த வண்டியின் நீண்ட ஆயுளுக்கு முதல் காரணம் அது.

அடுத்த காரணத்தைப் பார்க்க டெவன் கடற்கரையில் லின்டன், லின்மத் என்ற இரட்டை ஊர்களுக்குப் போக வேண்டும். லின்மத் கடலோரத்தில், லின்டன் அதற்கு நேர் மேலே, ஏறத்தாழ 500 அடி உயரத்தில். கரியும் மாவும் மரமும் கப்பலில் கீழே வந்து இறங்கும். குதிரையும் கழுதையும் மூச்சு வாங்க அவற்றை மேலே சுமக்கும். இந்த நிலையை மாற்றப் பணம் போட்டவர் ஜார்ஜ் நியூன்ஸ். பின்னாளில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வெளியிட்டுப் புகழ்பெற்ற 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர்தான். துப்பறியும் கதை படிப்பவர்கள் அவருக்கு இரட்டை நன்றி சொல்லலாம். பொறியாளர் ஜார்ஜ் குரோய்டன் மார்க்ஸ். சால்ட்பர்ன் ரயிலிலும் அவர் கை உண்டு. 862 அடி நீளப் பாதை, இரண்டு பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் 700 காலன் கொள்ளும் தண்ணீர்த் தொட்டி. 1890 ஈஸ்டர் திங்களன்று ஓடத் தொடங்கியது. மேலே நிற்கும் பெட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பக்கத்து லின் ஆற்றிலிருந்து, குழாய் வழியாக, மேட்டிலிருந்து தானாக இறங்கி வருகிறது. பம்பு இல்லை, எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை. கீழே நிற்கும் பெட்டி தன் தொட்டியைத் திறந்து தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக விடும். எந்தக் கணத்தில் மேல்பெட்டியின் கனம் கூடுகிறதோ, அந்தக் கணத்தில் அது இறங்கத் தொடங்கும்; வடத்தின் மறுமுனையில் இருக்கும் கீழ்பெட்டி ஏறத் தொடங்கும். நம் வீட்டுக் கிணற்றில் ஒரே கப்பியில் இரண்டு வாளி போட்டுத் தண்ணீர் கோரியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஏறுகிறவர்களை உண்மையில் தூக்குவது யார் என்பது. இறங்குகிறவர்கள்தான். ஒரு பெட்டியின் இறக்கம் மறுபெட்டியின் ஏற்றத்துக்குக் கூலியாகிவிடுகிறது. மீதி வித்தியாசத்தை மட்டும் தண்ணீரோ மோட்டாரோ ஈடுகட்டினால் போதும். சாலையில் ஏறும் பேருந்து தன் முழு எடையையும் தானே சுமந்து ஏற வேண்டும். இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலைப் பிரேக்கில் சூடாக்கித் தொலைக்க வேண்டும். ஆற்றல் சிக்கனம் பற்றி இன்று பேசாத மேடை இல்லை. ஆனால் இந்தச் சிக்கனத்தை நீராவிக் காலத்திலேயே ஓர் ஆற்று நீரையும் ஒரு கம்பிவடத்தையும் வைத்துச் செய்து காட்டிவிட்டார்கள். இதில் ஒரு சிறு கண்டிப்பும் தேவை. இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று சமன் செய்யும் ரயில் ஒரு வகை. உருளையில் வடத்தைச் சுற்றி ஒரு பெட்டியை இழுக்கும் விஞ்ச் இன்னொரு வகை. சிக்கனத்தில் முதல் வகைக்கே முதலிடம். ஆனால் தண்டவாளத்தின் மேல், வடத்தின் பிடியில், நிலத்தைத் தொட்டபடியே ஏறுவது இரண்டுக்கும் பொது. நான் இன்று வாதாடுவது அந்தப் பொதுத் தன்மைக்காகத்தான்.

சரி, யாருக்காக ஏறுகிறது இந்த வண்டி? இது இயந்திரத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் சமூகத்தைப் பற்றிய கேள்வி. இரண்டு துறைமுக ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாங்காங்கில் 1888-இல் மலையுச்சி டிராம் வந்தது. உச்சியில் வாழ்ந்தவர்கள் காலனி அதிகாரிகளும் பெரும் பணக்காரர்களும். பெட்டியில் மூன்று வகுப்புகள். ஆளுநருக்கென்று முன்வரிசை இருக்கை வெகுகாலம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1904-இல் சட்டமே போட்டு, சீனர்கள் அந்த உச்சியில் குடியிருப்பதைத் தடுத்தார்கள். சிலி நாட்டின் வால்பரைசோவிலோ, கடலை ஒட்டிய குன்றுகளில் எளிய மக்களின் வீடுகளும் அடுக்கடுக்காக ஏறிப் போயின. 1883-இல் தொடங்கி ஏறத்தாழ முப்பது சரிவு ரயில்கள் அங்கே எழுந்தன. துறைமுகத் தொழிலாளியும் சந்தைக்குப் போன பெண்ணும் பள்ளிப் பிள்ளையும் அன்றாடம் ஏறி இறங்கிய வண்டிகள் அவை. 2003-இல் அந்த ஊரின் பழைய பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததற்கு அந்த வண்டிகளும் ஒரு காரணம். ஒரே கம்பிவடம், ஒரே தண்டவாளம். ஓரிடத்தில் உச்சியைச் சிலருக்குப் பூட்டி வைத்தது. இன்னோரிடத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

வழி யாருடையது என்ற கேள்வியைத் தென் திருவிதாங்கூர் மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது. அதன் எதிரொலி நம் சுசீந்திரத்திலும் கேட்டது. 1936 நவம்பரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. வாசல் திறந்தது. ஆனால் வாசல் மலையுச்சியில் இருந்தால், முழங்கால் தேய்ந்தவருக்கும் சக்கர நாற்காலிக்காரருக்கும் அது திறந்திருந்தும் மூடியதுதானே? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. பொது இடங்களை அவர்களும் எட்டும்படி அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மலைக்கும் அது பொருந்தாதா? பொருந்தும் என்பதே என் வாதத்தின் அடித்தளம். மேலே போவது உடல் வலுவுள்ளவர்களின் பரிசாக மட்டும் இருக்கக் கூடாது.

இதற்கு இன்றைய தேதியில் இரண்டு விடைகளைப் பார்க்கிறோம். ஒன்று சபரிமலையில். அங்கே நடக்க முடியாதவரை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தோளில் சுமந்து ஏறுகிறார்கள், டோலி என்கிறோம். சுமப்பவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் மேலே போக நான்கு மனிதரின் தோளும் முழங்காலும் தேய வேண்டும் என்பது எந்தக் காலத்து ஏற்பாடு? இன்னொரு விடை பழனியில். ஏறத்தாழ 700 படிகள் உள்ள அந்த மலைக்கு 1966-இல் விஞ்ச் வந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று சேர்த்து இன்று மூன்று பாதைகள். மின்மோட்டார் உருளையைச் சுழற்றும், வடம் சுற்றிக்கொள்ளும், படிக்கட்டுபோல் சாய்வாக அடுக்கிய இருக்கைகளோடு பெட்டி ஏறும், ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் உச்சி. 2004-இல் ரோப்கார் வந்தபின், மூன்று நிமிடத்தில் போய்விடலாம் என்ற கவர்ச்சியில் விஞ்சுக்கு இரண்டாம் இடம்தான். ஆனால் பழனிச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். காற்று பலமாக அடித்தால் ரோப்கார் நிற்கும். ஆண்டுப் பராமரிப்பென்றால் வாரக்கணக்கில் நிற்கும். அப்போதெல்லாம் செய்தியின் கடைசி வரி எது? பக்தர்கள் விஞ்ச் வழியாக மலைக்குச் செல்கின்றனர் என்பதுதான். கைவிடாமல் வேலை செய்கிறவருக்குச் செய்தியின் கடைசி வரிதான் கிடைக்கும் போலும்.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு பக்தியின் பக்கத்திலிருந்து வரும். மலை ஏறுவதே வழிபாடு. வியர்வை சிந்தாமல் போய் நிற்பது என்ன தரிசனம் என்பார்கள். மதிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் விஞ்ச் வந்து அறுபது ஆண்டு ஆகப்போகிறது. பழனியின் படிகள் வெறிச்சோடிவிட்டனவா? தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்து வரும் கூட்டம் குறைந்துவிட்டதா? நடக்க விரும்புகிறவர் நடக்கிறார், யானைப்பாதையிலும் ஏறுகிறார். விஞ்ச் அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. நடக்க முடியாதவரின் பக்கத்தில் ஓர் இருக்கையைப் போட்டது, அவ்வளவே. தன் உடலை வருத்திக்கொள்வது ஒருவரின் விரதமாகலாம். அதையே அடுத்தவர் மேல் நிபந்தனையாகப் போட முடியாது.

இரண்டாவது மறுப்பு வேகம். எட்டு நிமிடம் எங்கே, மூன்று நிமிடம் எங்கே என்பார்கள். மேலே வரிசையில் மணிக்கணக்காக நிற்கப் போகிறவருக்கு ஐந்து நிமிடம் மிச்சமாகி என்ன ஆகப்போகிறது? அதை விடுங்கள். வழியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அல்லவா முதலில் கேட்க வேண்டும்? 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் மாநிலம் தேவ்கரில் திரிகூட மலை ரோப்கார் பழுதாகி, பயணிகள் அந்தரத்தில் தொங்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து, இரண்டாம் நாளும் கடந்து, கயிற்றில் கட்டி ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மூன்று உயிர்கள் போயின. தண்டவாளத்தில் நிற்கும் பெட்டி பழுதானால் கதவைத் திறந்து, கையைப் பிடித்து, பக்கத்துப் படியில் இறக்கிவிடலாம். கால் தொடும் தூரத்தில் நிலம் இருப்பதன் மதிப்பு அன்றைக்குத்தான் புரியும்.

மூன்றாவது மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். இந்த வண்டிகளில் விபத்தே நடக்காதா என்று கேட்டால், நடக்கும். 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி லிஸ்பனில், 1885 முதல் ஓடிவந்த குளோரியா சரிவு டிராமின் கம்பிவடம், பெட்டியோடு இணையும் இடத்தில் அறுபட்டது. பெட்டி சரிவில் பாய்ந்து கட்டடத்தில் மோதியது; 16 பேர் இறந்தார்கள். அன்று காலை வழக்கமான சோதனை நடந்திருந்தது. ஆனால் வடம் அறுபட்ட இடம், பிரித்துப் பார்த்தாலொழியக் கண்ணுக்குத் தெரியாத இடம். அதோடு, போட்டிருந்த வடம் ஆட்களை ஏற்றிச் செல்வதற்கெனச் சான்று பெற்றதல்ல என்று முதற்கட்ட விசாரணை சொன்னது. வடம் போனபின் பெட்டியைப் பிடித்து நிறுத்தும் வலு பிரேக்குகளுக்கு இல்லாமல் போயிற்று. இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? பழையது எல்லாம் ஆபத்து என்றா? லின்டன் ரயில் அதைவிட ஐந்தே ஆண்டு இளையது. அங்கே ஓட்டுநர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் பெட்டி நகரும். கையை எடுத்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஓடுவதற்குத்தான் முயற்சி வேண்டும், நிற்பதற்கு வேண்டாம் என்று 1890-லேயே யோசித்தவர்கள் அவர்கள். ஆகவே கேட்க வேண்டியது வண்டியின் வயதை அல்ல. எந்த வடம் போட்டிருக்கிறீர்கள், அதற்கு யார் சான்று தந்தார், இணைப்பைப் பிரித்து எப்போது பார்த்தீர்கள், வடம் இல்லாவிட்டாலும் பிரேக் தாங்குமா என்றுதான் கேட்க வேண்டும். பழனியிலும் கேட்க வேண்டும். விஞ்சுக்காக வாதாடுகிறவர்கள் இதை மற்றவர்களைவிட உரக்கக் கேட்க வேண்டும்.

அப்படியானால் நம் கடற்கரையிலும் மலைகளிலும் எங்கெல்லாம் போடலாம் என்று சிலர் கணக்குப் போடத் தொடங்கியிருப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். பக்கத்தில் வர்க்கலையில் கடலை ஒட்டி அழகான செம்பாறைச் சுவர் நிற்கிறது. படம் பிடித்தால் அசல் இங்கிலாந்துக் கடற்பாறைதான். ஆனால் அது மழையில் கரைந்து சரியும் மண்பாறை. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்த இடம். இங்கிலாந்தின் போர்ன்மத் ஊரில் 2016 ஏப்ரலில் கிழக்குப் பாறை சரிந்து, 1908-இல் கட்டிய ரயிலைப் புதைத்தது. பல ஆண்டுகள் அது மூடிக் கிடந்தது. நிலத்தின் மேல் சாய்கிற வண்டிக்கு, சாயத் தகுந்த நிலம் வேண்டும். வர்க்கலைக்கு என் வாக்கு இல்லை. நம் சிதறால் மலைக்கும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கும் அந்தப் பாறையில் தண்டவாளத்துக்காக ஓர் ஆணி அடிப்பதையும் நான் எதிர்ப்பேன். ஏற முடியாதவர்களுக்கு அங்கே இளைப்பாறும் இடங்களோடு கூடிய நல்ல நடைபாதையும் துணையாட்களும் போதும். கன்னியாகுமரியில் 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தையும் நான் குறை சொல்லப் போவதில்லை. கடல் சரியில்லாத நாளில் வள்ளுவர் சிலைக்குப் படகு போகாத குறையை அது தீர்த்தது. அந்த இடத்துக்கு அதுவே பொருத்தம். எந்த இடத்துக்கு எது என்பதில் நிதானம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு மறுப்பு. இது வெள்ளைக்காரன் பொழுதுபோக்குக்குச் செய்த வண்டி, நமக்கென்ன உறவு என்பார்கள். உறவு நம் வாசலிலேயே இருக்கிறது. இந்தியாவுக்கு இந்த வண்டி பொழுதுபோக்க வரவில்லை. வேலை செய்ய வந்தது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டத்துக்காகவும், இமாசலத்தில் ஜோகிந்தர்நகர் மின் திட்டத்துக்காகவும் செங்குத்துச் சரிவுகளில் தண்டவாளம் போட்டு, குழாயும் இயந்திரமும் ஆளும் ஏற்றினார்கள். அந்த வரிசையில் வருவதுதான் நம் கோதையாறு. பேச்சிப்பாறைக்கு மேலே, 1970-இலும் 1971-இலும் உற்பத்தியைத் தொடங்கிய இரண்டு மின்நிலையங்கள். ஒன்று 60 மெகாவாட், மற்றது 40. மின்நிலையம் கீழே நம் மாவட்டத்தில். அணை மேலே நெல்லைப் பக்கத்துக் காட்டில். சாலையில் போவதென்றால் மலையைச் சுற்றி அம்பாசமுத்திரம், மாஞ்சோலை என்று மாவட்டம் தாண்டிப் போய் ஏற வேண்டும். அந்தச் சுற்றை மிச்சப்படுத்த, கீழ்க் கோதையாற்றிலிருந்து மேல் கோதையாற்றுக்கு மின்வாரியத்தின் விஞ்ச் நேராக மலைமேல் ஏறுகிறது. பெரும்பாலோர் மேல் கோதையாறு என்ற பெயரையே 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை அங்கே கொண்டுபோய் விட்டபோதுதான் கேள்விப்பட்டிருப்பார்கள். யானைக்குக் கிடைத்த விளம்பரம் விஞ்சுக்குக் கிடைக்கவில்லை.

அதைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மேலே இருப்பது புலிகள் காப்பகம். கூட்டம் அங்கே போகக் கூடாது. நான் கேட்பது வேறு, அதற்கு அதிகச் செலவும் இல்லை. லின்டன் ரயிலுக்கு வரைபடம், காப்புரிமை, முதல் நாள் ஓட்டத்தின் செய்தி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நம் கோதையாற்று விஞ்சுக்கு அப்படி ஒரு புத்தகம் வேண்டும். பாறையை உடைத்தவர் யார், வடத்தை எப்படி மேலே கொண்டுபோனார்கள், மழைக்காலத்தில் எப்படி ஓட்டினார்கள், எதற்கு எந்த மணி அடித்தார்கள் என்பதெல்லாம் பதிவாக வேண்டும். அதை ஓட்டியவர்களும் பராமரித்தவர்களும் ஓய்வு பெற்று இந்தச் சுற்று வட்டாரங்களில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கலாம். இங்குள்ள கல்லூரிகளின் வரலாற்றுத் துறையும் இயந்திரவியல் துறையும் சேர்ந்து, மின்வாரியத்தின் அனுமதியோடு, இந்தக் கல்வியாண்டிலேயே அவர்களிடம் பேசி ஒலிப்பதிவு செய்யத் தொடங்கலாம். பழனியில் பழைய பெட்டி ஒன்றைக் கழித்துக்கட்டும் நாள் வந்தால், பழைய இரும்புக்கு எடைபோடாமல் அடிவாரத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லி இந்த அவையிலிருந்து அறநிலையத் துறைக்கு ஒரு விண்ணப்பம் போகலாம். விண்ணப்பத்தின் வாசகத்தை எழுதி எடுத்து வந்திருக்கிறேன்; கையெழுத்திட விரும்புவோர் மேடைக்கு இடப்புறம் உள்ள மேசைக்கு வாருங்கள்.